பிளேன்டீ தள்ளிப்போட்ட ஒப்பரேஷன்

இரத்தப் பரிசோதனை ரிப்போட்டைப் பார்த்து "இதைச் சாப்பிடாதீங்க" என்று சொல்லிச் சம்பளம் வாங்குவது என் தொழில். கண்டியில் என்னைக் கண்டதும் கையிலிருக்கும் ரோல்ஸை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறவர்கள் நிறைய. என்னைப்போல ஊராரின் நாக்கைப் பகைத்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

வெறும் வயிறு

அலவத்துகொடயில் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர், காலையில் வெறும் வயிற்றோடு வந்ததாகச் சொல்லி இரத்தம் கொடுத்தார். சீனி எகிறியிருந்தது. மனிசனுக்கு முகமே செத்துப்போச்சு. துருவித் துருவிக் கேட்டால், விடிகாலைச் சுபஹு தொழுதுவிட்டுப் பால் போடாத பிளேன்டீ குடித்திருக்கிறார். கூடவே கடிக்கக் கருப்பட்டி. மறுநாள் நிஜமாகவே வெறும் வயிற்றோடு வந்தார், சீனி சரியாக இருந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் சண்டைக்கு வந்தார்: "பிளேன்டீ எப்ப தங்கச்சி சாப்பாடாச்சு?"

சாயத்தோடு குளிசை

புசல்லாவைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் சரோஜா அக்காவின் விஷயம் சிரிப்பில்லை. கர்ப்பப்பையில் கட்டி, இரத்தம் போய்ப் போய், கூடையோடு மலை ஏற முடியாமல் இளைத்தார். ஹீமோகுளோபின் எட்டு. பத்துக்கு வந்தால்தான் ஒப்பரேஷன் என்று டாக்டர் இரும்புச்சத்துக் குளிசை கொடுத்திருந்தார். தவறாமல் போட்டும் எட்டு அசையவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். சோறு தின்றதும் பிளேன்டீயோடு என்றார்.

அட கடவுளே! தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாதே! குளிசையைத் தேசிக்காய்ப் புளித் தண்ணியோடு போடுங்கள், கீரையிலும் தேசிக்காய் பிழியுங்கள், பிளேன்டீ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் என்றேன். அக்கா கொதித்துப்போனார்: "நாங்க பறிச்சாத்தானே நீங்க குடிக்கிறீங்க? எங்களையே குடிக்காதேன்னு சொல்றீங்களா?"

திகதி கிடைத்த மத்தியானம்

கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வரமாட்டார் என்றே நினைத்தேன். சில கிழமை கழித்து வந்து இரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போட் வரும்வரை கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். பத்து புள்ளி மூன்று! நான் போட்ட கூச்சலில் இரத்தம் எடுக்கிறவர்கூட ஓடி வந்து பார்த்தார். அக்கா அழுதார், சிரித்தார், மேல்மாடியில் இருந்த டாக்டரிடம் போய் ஒப்பரேஷனுக்குத் திகதி வாங்கிக்கொண்டு இறங்கினார். அப்போதுதான் சோற்றுப் பார்சலை முடித்திருந்த நான், அந்தச் சந்தோஷத்தில் பிளேன்டீயை வாயருகே கொண்டுபோனேன். அக்கா கோப்பையைப் பட்டென்று பிடுங்கினார்: "ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான், மிஸ்!"

ஊருக்கெல்லாம் வாய்ப்பூட்டு போடுகிற நம் தொழிலில், ஆறிப்போன பிளேன்டீதான் போனஸ்.