மந்திரி வந்த அன்று விழுந்த பாரை

என் அக்கா எல்லம்மாளின் புருஷன் தர்மராஜ் ஒரு காலத்தில் எம்.எல்.ஏ. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குப்பம் எங்களுடையது. எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலில் மேற்கத்தி ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேர் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் கட்சி மாமாவை நிறுத்தியது. பூனைகள் சண்டையில் குரங்குக்கு அப்பம் கிடைத்த கதைதான். அக்கா காதில் விழுந்தால் என்னை அடிக்க வருவாள்.

அவர் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: கால்வாய்க்குப் பாலம். எங்கள் பெண்கள் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை போய் செங்கல்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஈரப் புடவையைப் பார்த்ததும் கண்டக்டர் ஏற்றாமலே விசில் ஊதிவிடுவான். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மீன் கரையிலேயே நாறும்.

நாலு வருஷம் கோட்டைக்கு நடையாய் நடந்தார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். ஒரு ஆபீசர் திட்டத்தில் இடமில்லை என்பார், இன்னொருவர் திட்டமே இல்லை என்பார். சட்டசபையில் எழுந்து, "எங்க பொம்பளைங்க தண்ணியில போய்கினு கீறாங்க" என்றாராம். அவர் பேச்சைக் கேட்டுச் சிலர் சிரித்தார்களாம். அன்று இரவு மாமா சாப்பிடவில்லை.

கடைசியில், எழுபத்தைந்து மாசியில், அடிக்கல் நாட்ட மந்திரி வர ஒப்புக்கொண்டார். கால்வாய்க் கரையில் பந்தல், மேளம், பெயர் வெட்டிய கல் எல்லாம் தயார். குப்பமே துவைத்த துணியில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடலில் மீன்கூட்டம் கறுப்பாய்த் தெரிந்து, மேட்டில் நிற்பவன் துண்டை வீசினால், படகு போய்ப் பெரிய வலையைச் சுற்றிப் போடும். அதன் இரண்டு கயிற்றையும் கரையிலிருந்து ஊரே இழுக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி, எழவு வீட்டுக்காரனானாலும் சரி, கயிற்றைப் பிடிக்காதவன் ஊர்க்காரன் இல்லை.

அன்றைக்கென்று மேட்டில் நின்ற துரை பாரை மீன் கூட்டத்தைப் பார்த்துத் துண்டை வீசினான். "பாரை! பாரை!"

பந்தல் காலி. மேளக்காரர்கள் மட்டும் விழித்துக்கொண்டு நின்றார்கள். நான் மாமாவின் கையைப் பிடித்தேன்.

"மாமா, மந்திரி காரு வர்ற நேரம். நீயாவது நில்லு."

"நான் ஊருக்காரன் இல்லியா மச்சான்? இதோ இழுத்துட்டு வந்துடறேன்" என்று சட்டையைக் கழற்றி என்னிடம் எறிந்துவிட்டு ஓடினார்.

மந்திரி வந்தபோது பந்தலில் நானும், மாமாவின் சட்டையும், மேளக்காரர்களும்தான். மந்திரி கேட்டார், "எங்கய்யா எம்.எல்.ஏ.?"

கடற்கரையைக் காட்டினேன். முழங்கால் மணலில் புதைய, வெறும் உடம்போடு கூச்சல் போட்டுக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார் எம்.எல்.ஏ. மந்திரி கல்லைத் தொடாமலே காரில் ஏறினார். அந்தப் பாலம் எந்த ஊருக்குப் போனதோ தெரியாது. மறுபடி கோட்டைக்குப் போனபோது யாரும் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அடுத்த தை மாதம் சட்டசபையே கலைந்துபோனது.

எழுபத்தேழில் மறுபடி ஓட்டுக் கேட்டுப் போனோம். எங்கள் குப்பத்தில், சொந்தக் குப்பத்தில், அதே துரை கேட்டான்: "பாலம் இன்னா ஆச்சு அண்ணாத்த?" துண்டை வீசியவன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்! அவன் சட்டையைப் பிடிக்கப் போனேன். மாமாதான் தடுத்தார். டெபாசிட் போயிற்று.

தோற்ற பிறகு ஒரு சாயங்காலம், வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் வாய்விட்டே கேட்டேன். "அன்னிக்கி அந்தக் கயித்த வுட்டிருந்தா இன்னா மாமா கொறஞ்சிருக்கும்?"

மாமா ஊசியை வலையிலேயே குத்தி வைத்தார்.

"வுட்டிருந்தா பாலம் வந்திருக்கும் மச்சான். ஊரே வலை இழுக்கச்சொல்லோ நான் மட்டும் மாலையோட நின்னுட்டு, அப்பால எந்த மூஞ்சிய வெச்சுகினு அந்தப் பாலத்து மேல நடக்கறது?"

அதற்குள் அக்கா சந்தையிலிருந்து வந்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே புடவை சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஒன் மூஞ்சி இருக்கட்டும்யா. நான் தினம் இடுப்பத்தான் நனைச்சுகினு வர்றேன். கூடையப் புடி."

மாமா எழுந்து கூடையை வாங்கிக்கொண்டார்.