லோஜினி கேட்ட கேள்வி

கமலலோஜினி மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் தனியாக இருந்தாள். பகலில் கொம்யூனிட்டி கொலிஜில் சமூகவியல் படித்தாள். பின்னேரம் கோப்பிக் கடையில் வேலை. மில்லிக்கனில் குடும்பத்தோடு இருந்த தமையன் எப்போதாவது போன் எடுப்பான்.

"உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கப் போறாய்?"

அவளுக்கும் அது தெரியவில்லை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பனிக்காலத்தில், வயதானவர்களின் வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்று விசாரித்துக் கட்டுரை எழுதும்படி பேராசிரியர் சொன்னார். லோஜினி பக்கத்து அடுக்குமாடியில் இருந்த அன்னரத்தினம் அன்ரியைத் தேடிப் போனாள்.

"மகனும் மருமகளும் காலமை வேலைக்குப் போயிடுவினம். பிறகு ஒருத்தரும் வாறேல்லைப் பிள்ளை," என்ற அன்ரி, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "உம்மட்டை ஆர் வாறவை?"

லோஜினி யோசித்துப் பார்த்தாள். ஹீற்றர் திருத்த வந்தவரைத் தவிர வேறொரு முகமும் நினைவுக்கு வரவில்லை.

"என்னட்டையும் ஒருத்தரும் வாறேல்லை, அன்ரி."

அன்ரி பிஸ்கற் தட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

படிப்பு முடிந்ததும் முதியோர் நிலையமொன்றில் லோஜினிக்கு வேலை கிடைத்தது. தனித்திருக்கும் தமிழ் முதியவர்களைப் போய்ப் பார்ப்பதும், அவர்களைக் கிழமைக்கொருமுறை ஒன்றுகூட்டுவதும்தான் வேலை. தமையன் சந்தோசப்பட்டான். போன வீடுகளிலெல்லாம் அவளைப் பிடித்துவைத்துக் கதைத்தார்கள்; எழும்ப விடமாட்டார்கள். அவளும் கெதியில் எழும்பமாட்டாள். பேஸ்மென்டுக்குத் திரும்பினால், சப்பாத்தைக் கழற்றமுன்னமே ரேடியோவைப் போட்டுவிடுவாள்.