நரி சாட்சி சொன்ன புத்தகம்

வினிஃப்ரெட் டக்கெட்டுக்குக் கதைப் புத்தகம் என்றாலே இளப்பம். லண்டன் நீதிமன்றம் ஒன்றில் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தே ஓய்வு பெற்றவர். "பொய்யை அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சுபோச்சு. இனிமே காசு குடுத்து வேற பொய் படிக்கணுமா?" என்பார். இடுப்பு முறிந்து நான் நர்ஸாக இருந்த வார்டுக்கு வந்தபோதும், பாலங்கள் இடிந்து விழுந்த வரலாறு ஒன்றைத்தான் கொண்டுவந்தார்.

பக்கத்துக் கட்டிலில் மெர்ல் கெய்ல், பள்ளிக்கூடச் சமையல்காரர். மாடிப் பேருந்தின் படியில் உருண்டு, இரண்டு மணிக்கட்டிலும் மாவுக்கட்டு. புத்தகத்தைப் பிடிக்க முடியாது.

"வினி, சும்மாதானே கிடக்கிற? இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

"என் பேரு வினிஃப்ரெட். என்ன கதை?"

"துப்பறியும் கதை. நம்ம லண்டன்லதான் நடக்குது. போலீஸ்காரனுக்குத் துணையா ஒரு பேய்."

"பேய்க்கு பென்ஷன் உண்டா?"

முனகிக்கொண்டே ஆரம்பித்தார். ரயில் தாமத அறிவிப்பைப் போல உணர்ச்சியே இல்லாத குரல். கொலையைப் பார்த்த நரி ஒன்று காவல் நிலையத்தில் சாட்சி சொல்லும் இடத்தில் நிறுத்தினார்.

"எந்த பைபிள்ல கைவச்சு இது சத்தியம் பண்ணும்? கை வேற கிடையாது."

"படிடி!"

அடுத்த நாள் மெர்ல் குறுக்கிட்டார். "இரு, இரு. சுரங்கத்துல மாட்டிக்கிட்டவன் எப்படி வீட்ல டீ குடிக்கிறான்?"

"நடுவுல மந்திரம் வந்துச்சு. தாண்டிட்டேன்."

"அந்த மந்திரத்துக்காகத்தான் நான் கேக்கறேன்!"

எதிர்க் கட்டில்காரர்கள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கதையைவிட இவர்கள் சண்டையைத்தான் ஆர்வமாகக் கேட்டார்கள்.

கடைசி அத்தியாயத்துக்கு முன்பே மெர்லை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் மகள் புத்தகத்தையும் சேர்த்து மூட்டை கட்டினாள். "அப்பாடா, தொல்லை விட்டது" என்றார் வினிஃப்ரெட். ஆனால் அன்று முழுக்கப் பாலப் புத்தகத்தின் ஒரே பக்கம்தான் அவர் மடியில் திறந்து கிடந்தது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கதையில வர்ற நகைக்கடைக்காரன்தானே கொலைகாரன்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நூலகத்துல இருந்தா எடுத்துட்டு வா. தப்பு கண்டுபிடிக்கத்தான் கேக்கறேன்."

கொண்டுவந்து கொடுத்தேன். முடித்ததும் முகம் சிவக்கப் புத்தகத்தைக் கட்டிலில் எறிந்துவிட்டு, மெர்லைத் தொலைபேசியில் பிடித்தார்.

"பனிமூட்டமா? கொலை பண்ணது பனிமூட்டமா? எந்த ஜட்ஜ் அதைக் கூண்டுல ஏத்துவான்? இதுக்குப் பேரு மோசடி!"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. "அப்போ முடிச்சிட்டியா வினி?"

பெயரைத் திருத்த மறந்து, சாப்பாட்டுத் தட்டு ஆறிப்போகும்வரை திட்டினார்.

அந்தத் துப்பறியும் கதை வரிசையில் இன்னொரு புத்தகத்தை அவர் தொடவே இல்லை. கைத்தடியோடு நடக்க ஆரம்பித்ததும், ஞாயிறுதோறும் மெர்ல் வீட்டுக்குப் போனார். மாவுக்கட்டு பிரித்துவிட்ட மெர்ல் உப்புமீனைப் பொரித்தபடியே அடுத்த கதையைச் சொல்வார். வினிஃப்ரெட் வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கிழிகிழியென்று கிழிப்பார்.