சோதித்தவர் என்று ஒரு வரி

எடை மெஷின் கம்பெனியில் வாரம் முழுக்கச் சம்பளத்துக்கு உழைக்கும் அந்த மனிதருக்கு, சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாத இன்னொரு வேலை இருந்தது. பழைய சின்னச் சிப் ஒன்று. அதைச் செய்த தொழிற்சாலையை இழுத்து மூடிப் பல வருடம் ஆகிறது. சிப் மட்டும் சாகவில்லை. எங்கெங்கோ மீட்டர்களிலும் பம்புகளிலும் கதவுப் பூட்டுகளிலும் உட்கார்ந்து உழைத்துக்கொண்டிருந்தது. எந்தக் கருவிக்கும் அடியில் இருந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அது புதிது புதிதாக வரும்போதெல்லாம் இந்தப் பழைய சிப்பை மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. ஆயிரக்கணக்கானவர்கள் மின்மடல் குழுவில் கூடிக் கட்டும் அந்த நிரலில், இன்ன பகுதிக்கு இன்னார் பொறுப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் அவருக்கு நான்கு வரி. கர்னல் என்றதும் மாப்பிள்ளை பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்ததும், அதைத் திருத்த மனைவி பட்ட பாடும் தனிக்கதை.

வீட்டில் அவருக்குத் தாலாட்டு என்று பெயர். மகள் வைத்தது. துணி துவைக்கும் மெஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு மேஜை, அதன் மேல் அந்தச் சிப் பொருத்திய உள்ளங்கை அளவுப் போர்டு. யாராவது ஒரு மாற்றம் எழுதிக் குழுவுக்கு அனுப்பினால், அதைப் போர்டில் ஏற்றித் தூங்க வைப்பார், எழுப்புவார், மறுபடி தூங்க வைப்பார். இப்படி நூறு தடவை. பேட்டரியில் ஓடும் கருவிகள் முக்கால்வாசி நேரம் தூக்கத்தில்தான் இருக்கும். எழவில்லையென்றால் அது வெறும் டப்பா. நூறு தடவையும் எழுந்தால்தான் மாற்றத்தின் அடியில் 'சோதித்தவர்' என்று எழுதித் தன் பெயரைப் போடுவார். மற்றவர்கள் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்வார்கள். அவர் பெயர் கீழே இருந்தால் மேலே படிக்க வேண்டியதேயில்லை என்று குழுவின் தலைவரே ஒருமுறை எழுதியிருந்தார். அந்த மடலை அச்செடுத்து வைத்திருக்கிறார். எங்கே என்று கேட்டால் மழுப்புவார்.

அந்தப் போர்டைக் கொன்றவரும் அவரேதான். போர்டுக்கு ஐந்து வோல்ட் அடாப்டர், பக்கத்தில் இருக்கும் இன்டர்நெட் பெட்டிக்குப் பன்னிரண்டு வோல்ட். இரண்டின் முனையும் ஒரே மாதிரி இருக்கும். பேர் எழுதி ஒட்டுங்கள் என்று மனைவி பத்துத் தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு சனிக்கிழமை தம்பியோடு போனில் பேசிக்கொண்டே கைக்கு வந்ததை எடுத்துச் செருகினார். டப் என்று ஒரு சின்னச் சத்தம், கொஞ்சம் கருகல் வாடை, அவ்வளவுதான். குழுவில் கேட்டிருந்தால் யாராவது வேறு போர்டு அனுப்பியிருப்பார்கள். கேட்டால் பழையது எப்படிப் போயிற்று என்று சொல்ல வேண்டுமே. நூறு தடவைக்காரர் அடாப்டரை மாற்றிச் செருகினாராம் என்று நாலு பேர் சிரிப்பார்களே. போர்டை ஒற்றைச் சாக்ஸுக்குள் போட்டு, அலமாரியின் அடித்தட்டில் தள்ளிவிட்டார்.

அடுத்த மாற்றம் வந்தது. கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, அதாவது சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றிப் பார்த்தார், ஒரு பிழையும் இல்லை. நிரலைக் கண்ணால் படித்துப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது. 'சோதித்தவர்' என்று எழுதியபோது காதெல்லாம் சூடானது. அடுத்ததற்கும் சூடானது, கொஞ்சம் குறைவாக. நாலாவது தடவை காதுக்கும் பழகிவிட்டது. ஒரு வருடத்தில் பதினொரு மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் வழக்கம்போல் கதவைச் சாத்திக்கொண்டு, நூறு தடவை எழுப்ப ஆகும் நேரம் முழுவதும் உள்ளே உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். யாரை ஏமாற்ற அந்த நாடகம் என்று அவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்த போன் வந்தது.

"சார், தண்ணி டேங்க்ல மட்டம் பார்க்கற பெட்டி செய்யற கம்பெனியில இன்ஜினியரா இருக்கேன். சின்னக் கம்பெனி. எங்க பெட்டியில உங்க சிப்தான். தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும்."

"பரவால்லம்மா, சொல்லுங்க."

கால் மணிக்கு ஒருமுறை பெட்டி விழித்து, மட்டத்தைப் பார்த்து, செய்தி அனுப்பிவிட்டுத் தூங்க வேண்டும். புதுக் கர்னலை ஏற்றியதிலிருந்து பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தூங்கிப்போய் எழ மறுத்தன.

"நாப்பத்தொரு டேங்க் சார். ஏணியில நானே ஏறி ஒவ்வொண்ணா எழுப்பிட்டு வர்றேன். உசரம்னாலே எனக்கு ஆகாது, கண்ண மூடிக்கிட்டுதான் ஏறறது. மூணு மாசமா நான் எழுதின புரோகிராம்ல வரி வரியாத் தேடறேன், ஒண்ணும் கிடைக்கல."

"கர்னல் பக்கம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். டைமர்ல ஒரு மாற்றம் வந்திருக்கு. ஆனா கீழ உங்க பேர் இருந்துச்சு, அதனால அத விட்டுட்டேன்." கொஞ்சம் தயங்கினாள். "தப்பு என்னோடதுதான்னு திங்கக்கிழமை ஒரு கடிதத்துல கையெழுத்துப் போடச் சொல்றாரு முதலாளி. போட்டா வேலை போயிடும். அதுகூடப் பரவால்ல சார், ஆனா நிஜமாவே என் தப்புதானான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போடணும். ஒரே ஒரு கேள்வி. நீங்க எத்தன தடவ எழுப்பிப் பார்த்தீங்க?"

"நூறு," என்றார்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று அவர் பின்னால் தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தார். வாயாவது, தானாகவாவது. பன்னிரண்டு வருடமாகப் பெருமையாகச் சொல்லிப் பழகிய எண் அது, அதை விட மனசு வரவில்லை.

"அப்ப என் தப்புதான் சார். ரொம்ப நன்றி," என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த மாற்றத்தைத் திறந்தார். பிழை கண்ணில் படப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சிப் விழித்ததும் முதலில் கடிகாரத்தை ஓடவிட வேண்டும், பிறகுதான் வெளியிலிருந்து வரும் அழைப்புகளுக்குக் கதவைத் திறக்க வேண்டும். இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. கடிகாரம் ஓடுவதற்குள் ஓர் அழைப்பு வந்துவிட்டால், சிப் அப்படியே திகைத்து நின்றுவிடும். போர்டு உயிரோடு இருந்திருந்தால் நூறு முடிவதற்குள் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

அவருடைய கைகள் முதலில் செய்த காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வரியையும் இடம் மாற்றி, 'சிறு திருத்தம்' என்று தலைப்பிட்டு, குழுவுக்கு அனுப்பத் தயாராக ஒரு மடல் எழுதினார். யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அந்தப் பெண் ஒருநாள் அதைப் பார்ப்பாள். அதற்குள் திங்கட்கிழமை போயிருக்கும்.

ஈரத்துணியை எடுக்க மனைவி உள்ளே வந்தாள். "ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"ஒண்ணுமில்ல. போர்டுல ஒரு சின்னப் பிரச்சன."

மனைவி துணியை வாளியில் போட்டுக்கொண்டே சொன்னாள். "போர்டுதான் செத்துப்போச்சே."

அவர் நாற்காலியோடு திரும்பினார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"சாக்ஸுக்கு ஜோடி தேடினேன். போன வருஷம்."

"ஏன் கேட்கல?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன். அப்புறமும் எத்தனையோ சனிக்கிழமை கதவச் சாத்திக்கிட்டு உட்கார்ந்தீங்க. உள்ள என்னதான் பண்றீங்கன்னு கேட்க எனக்கே கூச்சமா இருந்துச்சு."

வெளியிலிருந்து யார் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பார். தனக்காக இவள் ஒரு வருடம் கூச்சப்பட்டாள் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, போன் வந்ததையும் நூறு என்று சொன்னதையும் சொல்லி முடித்தார்.  மனைவி மேஜையில் இருந்த போனை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"அம்மா, நான்தான் பேசறேன். நூறு இல்ல. ஒரு தடவகூட எழுப்பிப் பார்க்கல. எங்கிட்ட போர்டே இல்ல. தப்பு கர்னல்லதான் இருக்கு, கண்டுபிடிச்சுட்டேன். கையெழுத்துப் போட்டுடாதீங்க."



"நாப்பத்தொரு டேங்க் சார்," என்றாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

அன்று பகலிலேயே குழுவுக்கு எழுதினார். பதினொரு மாற்றங்களையும் தேதியோடு குறிப்பிட்டு, எதையும் சோதிக்கவில்லை என்று எழுதினார். அடாப்டர் கதையையும் விடவில்லை, அந்த இரண்டு வரித் திருத்தத்தையும் கூடவே வைத்தார். பட்டியலிலிருந்து தன் நான்கு வரிகளை நீக்கிவிடும்படி கேட்டுக்கொண்டார். நான்கைந்து பதில்கள் வந்தன, ஒருவரும் சிரிக்கவில்லை. போர்டு இல்லை என்று சொல்வதில் என்ன வெட்கம், அந்தச் சிப்பைப் பார்க்க வேறு ஆளும் இல்லை, நீங்களே இருங்கள் என்றார் தலைவர். அந்த இதமான பேச்சு அவரை இன்னும் கூனிக் குறுக வைத்தது. அச்செடுத்து வைத்திருந்த பழைய மடலைத் தேடியெடுத்துக் கிழித்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு போர்டு. அதன் அடாப்டர் ஒயரைப் போர்டோடு சேர்த்துப் பிரிக்க முடியாதபடி இறுக்கிக் கட்டி, மேலே தடித்த எழுத்தில் 'இதற்கு இதுதான்' என்று ஒட்டியிருந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: 'நீங்கள் குழுவுக்கு எழுதிய மடலை முதலாளியிடம் காட்டினேன். வேலை போகவில்லை. ஆனால் திருத்திய கர்னலை ஏற்ற நாற்பத்தொன்றிலும் மறுபடி ஏற வேண்டும். ஏறுவதற்கு முன் நூறு தடவை பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் எழுந்ததற்கான பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.'

பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் யாரும் பதிவு கேட்டதில்லை.

சனிக்கிழமை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடாப்டரில் ஒட்டியிருந்ததை மூன்று முறை படித்துவிட்டுத்தான் செருகினார். தூங்க வைத்தார், எழுப்பினார். மனைவி இரண்டு தடவை வந்து துணி எடுத்துப் போனாள், எத்தனை ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே. நூறும் எழுந்தது. பதிவை இணைத்து, அடியில் 'சோதித்தவர்' என்று எழுதிப் பெயர் போட்டபோது காது பழையபடி சூடானது.

மதியம் அந்த இன்ஜினியர் பெண்ணிடமிருந்து ஒருவரிப் பதில் வந்தது. 'எண்ணிப் பார்த்தேன், நூறு இருக்கிறது, நாளை ஏறுகிறேன்.'

அவள் எண்ணிப் பார்த்தது நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.