ஆறு ஃபைலும் ஒரு மார்க் ஷீட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வாசலைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. எளாவூர் பக்கமாக நடந்தேன். அங்கே வேலை இருப்பதாகத் தெரிந்து அல்ல. காக்களூர் போக வேண்டுமானால் எதிர்ப்பக்கம் பஸ் ஏற வேண்டும், அதனால்தான். தோளில் வெளி வேலைக்கு எடுத்துவரும் பை. இரண்டு சட்டை, ஒரு லுங்கி. பத்தாவது மார்க் ஷீட் அதில் இல்லை. அது காக்களூரில் முதலாளியின் இரும்பு பீரோவில் இருந்தது.

முதலாளி, லாரி எடைமேடைகளுக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுப்பவர். சேரும்போதே ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் பல இடங்களில் அதுதான் வழக்கம் என்பதால் நானும் யோசிக்காமல் கொடுத்தேன். அதுவரை எங்கேயும் நான் எட்டு மாதம் தாண்டியதில்லை. பாலிடெக்னிக்கில் பாதி வருஷம், அத்திப்பட்டில் நிலக்கரி பெல்ட் அடியில் ஆறு மாதம், பிறகு ஒரு பரோட்டாக் கடை. இங்கே கேபிள் இழுக்கத்தான் வந்தேன். புரோகிராம் எழுதியவர் ஒருநாள் சென்னைக்குப் போய்விட்டார். அவர் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது.

சாஃப்ட்வேர் ஆறு துண்டு. மேடையிலிருந்து எடையை வாங்குவது ஒன்று, சீட்டு அடிப்பது ஒன்று, வண்டி நம்பரைப் பதிவது ஒன்று, இப்படி. ஒன்றுக்கு இன்னொன்று வேண்டும். ஒவ்வொரு மில்லும் ஏதாவது மாற்றம் கேட்கும் என்பதால் அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றாக கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய ஃபைலாக மாற்றி, வரிசை மாறாமல் ஏற்ற வேண்டும். வரிசை தப்பினால் எதுவும் திறக்காது. அந்த வரிசை என் தலையில் மட்டும் இருந்தது. போகிறேன் என்று சொன்னபோதெல்லாம் முதலாளியிடம் ஒரே பதில்தான்.

"நீ போய்ட்டா எவன் போடுவான்? நான் ஒருவாட்டி அமுக்கினா அதுவா ஓடணும். அப்டி ஒண்ணு பண்ணிக் குடு, பீரோ சாவியவே குடுத்துர்றேன்."

ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அந்த வேலைகளை எல்லாம் தானாகவே வரிசையாகச் செய்கிற ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். முதலில் பழையதை எல்லாம் துடைக்கும். பிறகு ஒவ்வொரு துண்டாகச் செய்யும். தேவையானது இல்லையென்றால், போய் அதைச் செய்துவிட்டு வரும். காக்களூர் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது.

அன்று காலை கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு மில். புது கம்ப்யூட்டர். முதலாளியே அமுக்கினார், நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கறுப்புத் திரையில் இரண்டு பெயர்கள் மாறி மாறி ஓடின. எடை, சீட்டு, எடை, சீட்டு. டீ வந்தது, குடித்தோம், அப்போதும் ஓடியது.

"இன்னாடா, ராட்டினம் மாரி சுத்திக்கினே கீது?" என்றார் முதலாளி.

எட்டிப் பார்த்த வாட்ச்மேன், "எனக்கு வாந்தி வருது சார்" என்று கேட்டுக்குத் திரும்பிப் போனார்.

எடைக்குச் சீட்டு வேண்டும், சீட்டுக்கு எடை வேண்டும். இத்தனை நாள் எப்படி ஓடியது? என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிடி இருக்கும், அதில் பழைய சீட்டு ஃபைல். முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். புரோகிராம் எழுதியவர் செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற மாதிரி. அதை ஒரு வேலையாகவே நான் நினைக்கவில்லை, எழுதவும் இல்லை. காக்களூர் கம்ப்யூட்டரில் அந்தப் பழையது, துடைப்பதில் சிக்காமல் எங்கோ கிடந்து காப்பாற்றியிருக்கிறது.

சிடியைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் முடியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் சட்டைப் பையைத்தான் தேடுவார்கள். சாப்பிடப் போகாமல் உட்கார்ந்து, இரண்டுக்கும் பொதுவானதைப் பிரித்து ஏழாவது துண்டாக வைத்தேன். அது எதையும் கேட்காது. மூன்றரை மணிக்கு முதலாளி மறுபடி அமுக்கினார். ஏழும் வரிசையாக ஏறின. மேடையில் நின்ற லாரியின் எடை திரையில் வந்தது, சீட்டும் வெளியே வந்தது.

"மார்க் ஷீட், சார்."

"இர்றா. இப்பதான் ருசியே வந்துகீது. பழைய எடத்துலல்லாம் இத்தயே போடணும். நடுவுல நின்னுபோச்சுன்னா யாரத் தேடுறது? இன்னும் ஒரே ஒரு வருசம்."

"நிக்காது, சார்."

"காலைலயும் அதான் சொன்ன."

சிடியை கீபோர்டு மேல் வைத்தேன். பையை எடுத்துக்கொண்டு, டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மார்க் ஷீட் இல்லாமல் சிப்காட்டில் எந்த கேட்டிலும் வேலைக்கு உள்ளே விட மாட்டார்கள். தெரிந்தேதான் நடந்தேன்.

இரவு எளாவூரில் லாரிகள் நிற்கும் இடத்தில் தார்ப்பாய் விரித்துத் தூங்கியவர்களோடு நானும் தூங்கினேன். காலையில், செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தனியார் எடைமேடை. சீட்டு போட ஆள் தேவை என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நடத்துபவர் பழவேற்காட்டு பாய் ஒருவர்.

"இன்னா படிச்சிருக்க?"

"பத்தாவது. பேப்பர் கையில இல்ல, பாய்."

"பேப்பர வாங்கி நான் இன்னா, கருவாடு மடிக்கப் போறனா? லாரி நம்பர் படிப்பியா?"

"படிப்பேன்."

"இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிதான் பேஜாரு. கரண்ட் போய் வந்தா தெறக்காது. காக்களூர்லர்ந்து ஒருத்தன் வந்து போட்டான். இப்ப கூப்ட்டா ஒரு வாரம் கழிச்சி வருவான்."

போட்டவன் நான்தான். போட்ட அன்று பாய் ஊரில் இல்லை. திரையில் அந்தப் பழைய ஆறு துண்டுதான் இருந்தது. நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். ஆந்திரா அரிசி லாரி ஒன்று மேடையில் ஏறி நின்றது.

"நைனா, சீக்கிரம்!" என்று டிரைவர் ஹாரன் அடித்தார். நான் நம்பரை அடித்தேன்.