யோஷி என்றால் யோசி அல்ல

1. இரண்டு சொல்

ஜப்பான்காரன் பினாங்குக்கு வந்ததும் எங்கள் வாயிலிருந்து முதலில் பிடுங்கியது ஆங்கிலத்தைத்தான். பகலில் நான் துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி, மாலையில் பாஸ்கெட்பால் ரெஃப்ரி. 'ஃபவுல்', 'கவுண்ட்' என்று கத்திப் பழகியவன். இனி ஆங்கிலச் சொல் கேட்டால் கன்னம் பழுத்துவிடும் என்றார்கள். கோல் செல்லும் என்றால் 'யோஷி', செல்லாது என்றால் 'டாமே'. வேறு எதுவும் பேசக்கூடாது.

முதல் நாள் 'யோஷி' என்று நான் கத்தியதும் கோட்டுக்கு வெளியே நின்ற நம் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அண்ணே, கோலே விழுந்தாச்சு, இன்னும் என்ன லா யோசிக்கிறது?"

அன்றிலிருந்து எனக்கு யோசி அண்ணன் என்றே பெயர். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு கிடந்த காலம். சிரிக்க வேறு எதுவும் இல்லை, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2. ஆகாயத்துப் பந்து

நான் சொல்ல வந்த ஆட்டம் அலுவலகத்து ஜப்பானியர்களுக்கும் உள்ளூர் கிராணிகளுக்கும். சீனப் பள்ளிக்கூடத் திடல். வளையத்தின் வலையை யாரோ மீன் பிடிக்கக் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் வெறும் இரும்புதான் மிச்சம்.

எங்கள் பக்கத்தில் செல்வரத்தினம். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பினாங்கில் பிறந்தவன், அலுவலகத்தில் என் பக்கத்து மேசை. அவன் எறிந்தால் குறி தப்பாது. எதிர்ப்பக்கத்தில் எங்கள் மேலதிகாரி. ஜப்பானியர்களில் அப்படியோர் உயரத்தை நான் பார்த்ததில்லை. எங்களுக்குள் அவரைத் 'தென்னைமரம்' என்போம். அலுவலகத்திலிருந்து யாரைச் சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புவது என்று தீர்மானிப்பவரும் அவரே. போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

தென்னைமரம் வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டு, உள்ளே விழ வந்த பந்தையெல்லாம் ஈ ஓட்டுவதுபோல் தட்டிவிட்டார். அப்படித் தட்டுவது செல்லாது என்று கூட்டம் 'டாமே, டாமே' கத்தியது. நான் விசில் ஊதவில்லை.

"ரெஃப்ரிக்குக் காலு நடுங்குது லா!" என்றான் ஒருவன்.

செல்வரத்தினமே என்னிடம் வந்தான். "என்ன அண்ணை, விழுகிற பந்தையெல்லாம் தட்டுறான். உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

"ஆகாயத்துல வர்ற பந்தை யாரும் தட்டலாம் தம்பி, ரூல்ல தடை இல்ல. பந்து விளிம்புல இருக்கும்போது வளையத்தைத் தொடட்டும், நான் ஊதாம விடமாட்டேன்."

இன்றைய பிள்ளைகள் இதைக் கோல்டெண்டிங் என்கிறார்கள். விழுகிற பந்தைத் தொட்டால் கோல் என்ற அந்த விதி ஜப்பான் சண்டை முடிந்த பிறகுதான் எங்கள் கைக்கு வந்தது. பாஸ்கெட் இன்டர்ஃபியரன்ஸ் வேறு. பந்து வளையத்தின் விளிம்பில் இருக்கும்போது தடுப்பவன் வளையத்தை அசைத்தால் கோல் செல்லும். இந்த விதி ஆட்டம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. இரண்டும் ஒன்று என்று நினைத்த கூட்டம் என்னைப் பயந்தாங்கொள்ளி என்றது.

3. இரும்புச் சத்தம்

ஆட்டம் முடியும் நேரம், இரு பக்கமும் சமம். செல்வரத்தினம் எறிந்த பந்து விளிம்பில் ஏறி உருண்டது. தென்னைமரம் எம்பி வளையத்தைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். இரும்பு கடகடவென்று ஆட, பந்து வெளியே விழுந்தது.

ஊதினேன். "யோஷி!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தென்னைமரம் என் முகத்துக்கு நேரே வந்து நின்றார். அலுவலக மொழிபெயர்ப்பாளன் ராஜமணி ஓடி வந்து என் காதில் சொன்னான்.

"அண்ணே, அவசரப்படாதீங்க. தமிழ்ல 'யோசி'ன்னு சொன்னதா சொல்லிடுங்க. யோசிக்க டைம் கேக்குறாருன்னு நான் சமாளிச்சிக்கிறேன். அப்புறம் டாமேன்னு முடிச்சிடுங்க லா."

நல்ல வழிதான். அவன் என்மீது பிரியம் உள்ளவன். நான் செல்வரத்தினத்தைப் பார்த்தேன்.

"வளையம் ஆடினது அண்ணை," என்றான். "ஊதுவன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மாத்தாதேங்கோ."

"நான் சொன்னது ஜப்பான் சொல்லுதான்," என்றேன் ராஜமணியிடம். "அப்படியே சொல்லு."

கன்னத்தை இறுக்கிக்கொண்டு அறை விழும் என்று காத்து நின்றேன். தென்னைமரமோ சிரித்தார். எனக்குத் தலை குனிந்து வணங்கினார். "யோஷி," என்று தானே ஒருமுறை உரக்கச் சொன்னார். நம் ஆட்கள் செல்வரத்தினத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள். சற்று முன்பு என்னைத் திட்டியவன்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

4. லாரி

அடுத்த வாரம் அலுவலக வாசலில் சயாமுக்கு ஆள் ஏற்றும் லாரி வந்து நின்றது. ஒரே ஒரு பெயர்தான் என்றார்கள். நான்தான் என்று எழுந்து நின்றேன். தென்னைமரம் கூப்பிட்டது செல்வரத்தினத்தை.

ஏன் என்று ராஜமணியிடம் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல ரெஃப்ரி இங்க வேணுமாம் அண்ணே. நல்ல ஆட்டக்காரன் அங்க வேணுமாம்."

சண்டை முடிந்தது. செல்வரத்தினம் வரவில்லை. தண்ணீர்மலைக் கோயில் படியில் அவன் மனைவியைப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது.

"அண்டைக்கு நீங்கள் ஒருக்கா யோசிச்சிருக்கலாமே, அண்ணை," என்றாள்.

மாற்ற வேண்டாம் என்று சொன்னதே அவன்தான் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்கு அவன்மீதும் கோபம் வரும். என்மீது மட்டும் இருக்கட்டும்.

புதிய ரெஃப்ரிகளுக்கு இரண்டு விதிகளையும் சொல்லித் தருகிறேன். கூடவே இதையும் சொல்கிறேன். சரியாகத் தீர்ப்புச் சொன்னால் அடி உங்களுக்கு விழும் என்று கன்னத்தை இறுக்கிக்கொண்டு நிற்பீர்கள். அது பக்கத்து மேசைக்காரன்மேல் விழும். எந்த ரூல் புத்தகத்திலும் அது எழுதியிருக்காது.

ஆனாலும் அந்தக் கோல் செல்லும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். 'கவுண்ட்' என்று சொல்வேன். அந்த இன்னொரு சொல் எனக்கு வாயில் வருவதில்லை.