முகமில்லாத பெண்ணும் ஒரு 'இல்லீங்க'வும்

போன வாரம் கோவையிலிருந்து ஓர் ஓவியக் கேலரிப் பெண் போன் செய்தாள். எங்கள் ஹாலில் மாட்டியிருக்கும் இங்க் ஸ்கெட்ச் கண்காட்சிக்கு வேண்டுமாம். கூடவே, பக்கத்தில் ஒட்ட நாலு வரி விளக்கம்!

நாலு வரிதானே என்று உட்கார்ந்தேன். ஓடவில்லை.

படத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் பழைய சாமான் கடையில் வாங்கியது. வரைந்தது யார் என்று தெரியாது. வெள்ளைக்காரன் காலத்து மலை பங்களா. வராந்தாவில் ஒரு துரை, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு தூங்குகிறார். அவர் பூட்ஸ் கயிறுகூடத் தெளிவாக இருக்கிறது. படிக்குக் கீழே, தலையில் கூடையோடு ஒரு மலைக்காரப் பெண். ஏழெட்டுக் கோடுகள், அவ்வளவுதான். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காகிதம்.

முகம் ஏன் இல்லை? எங்கள் வீட்டு நிரந்தரச் சண்டை இதுதான்.

"துரை கண்ணுக்கு அவ மனுஷியாவே தெரியல. அதைத்தான் ஆர்ட்டிஸ்ட் குத்திக் காட்டறான்" என்பார் அவர்.

நான் விடுவேனா? "அவன் எங்கே உட்கார்ந்து வரையறான்? அதே வராந்தாவுல! துரை போட்ட நாற்காலி, துரை வீட்டு டீ. அவனுக்கும்தான் அவ தெரியல" என்பேன்.

ரிட்டயராகிக் கொல்லிமலைக்குக் குடிவந்த பிறகும் ஓயவில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினால், மலைப்பாதையின் கடைசி வளைவு வரை இதேதான்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

இப்போது என்னை மறுக்க ஆளில்லை. ஜெயித்துவிட்டேன்... சகிக்கவில்லை.

துக்க வீட்டுக்காரியை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? இந்தப் பக்கத்து மரியாதை இன்னும் ஒரு படி மேலே. கண்டக்டர் "ஆமாங்க" என்கிறார். மளிகைக் கடைக்காரர் "ஆமாங்க" என்கிறார். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, மழை வரும் போலிருக்கே என்று சொல்லிப் பார்த்தேன் — "ஆமாங்க அம்மா!" கேலரிப் பெண்ணிடம் என் விளக்கத்தைச் சொன்னதற்கு, "சூப்பர் மேம்" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதேன். தனியாக இருப்பது பழகிவிடுகிறது. 'நீ சொல்வது தப்பு' என்று சொல்ல ஆளில்லாமல் இருப்பதுதான் பழகவில்லை.

முந்தாநாள் பழனியம்மா மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்தாள். பக்கத்துக் காட்டுக்காரி, மிளகு பயிரிட்டிருக்கிறாள். அவளும் இதுவரை 'ஆமாங்க' கட்சிதான். கிழங்கை அடுப்பில் வைத்து, டீ கொடுத்தேன். கீழே இறக்கி வைத்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு மூஞ்சியக் காணோம்?"

என் கட்சியை எடுத்துச் சொன்னேன். 'ஆமாங்க' வரக் காத்திருந்தேன்.

"இல்லீங்க" என்றாள்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"வரையறவன் பாத்திருக்கானுங்க. கூடை கனத்துல கழுத்து சாஞ்சிருக்குது பாருங்க. அந்தத் தூங்கறவன்தான் பாக்கல."

அப்படியே அவர் கட்சி!

"பூட்ஸ் கயிறு வரை வரைஞ்சவனுக்கு, முகம் வரைய நேரமில்லையா?"

"நீங்க சொல்றது தப்புங்க அம்மா!"

அவள் கத்தினாள். நான் அதைவிடக் கத்தினேன். டீ ஆறியது. கிழங்கு அடிப்பிடித்தது. கிளம்பும்போது பாவம், சங்கடப்பட்டாள். "கோவிச்சுக்காதீங்க. துக்கத்துல இருக்கறவங்ககிட்ட வாயாடிப் போட்டேன்."

"நாளைக்கும் வா" என்றேன்.

"வாரேனுங்க. அப்பவும் இதையேதான் சொல்லுவேன்."

கேலரிக்கு இரண்டு விளக்கத்தையும் அனுப்பிவிட்டேன். அவருடையது மேலே, என்னுடையது கீழே.

அதனால் அவர் ஜெயித்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்!